விலை குறைந்ததெல்லாம் மலிவாகுமா?

(காரைக்கால் மாவட்டம், அம்பகரத்தூரில் தமிழன்பர்கள் கூட்டிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

இக் கூட்டத்திற்கு நடந்து வந்த வழியெல்லாம் தெருவிளக்குகள் எரிகின்றன. அவற்றின் ஒளியில் நடந்து வந்தோர், அவ் விளக்குகளை யார் வாங்கினார், என்ன விலைக்கு வாங்கினார், ஓர் இரவுக்கு அவை எவ்வளவு மின்னாற்றலைக் குடிக்கின்றன என்று எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். விளக்கு எரிந்தால் மகிழ்ச்சி; எரியாவிட்டால் ஏச்சு; அத்தோடு மக்களுக்கும் தெருவிளக்குக்கும் உள்ள உறவு முடிந்துபோகின்றது. ஆனால், அவ் விளக்கை வாங்கியவரும் மக்களே. அது குடிக்கின்ற மின்னாற்றலுக்கு விலை கொடுப்பவரும் மக்களே. வாங்கும் கை மட்டுந்தான் அரசின் கை, பணப்பை மக்களுடையது.

அரசு என்றவுடன் சட்டமன்றமும் காவல்நிலையமும் வரிதண்டும் அலுவலகமுமே கண்முன் தோன்றுகின்றன. அரசு ஒரு மாபெரும் கொள்முதலாளி என்பது எவர் நெஞ்சிலும் தோன்றுவதில்லை. பள்ளிக்கூடத்து விசிறி, மருத்துவமனைக் குளிரூட்டி, குடிநீர்த் தொட்டிக்கு நீரேற்றும் மின்னோடி, அலுவலர் ஏறிச் செல்லும் வண்டி, கோப்பில் அடுக்கும் தாள் ஆகிய இத்தனையும் அரசு வாங்குபவை. ஒரு குடும்பம் பத்தாண்டுக்கு ஒருமுறை ஒரு விசிறி வாங்கும். அரசோ ஒரே கையெழுத்தில் பல்லாயிரம் விசிறி வாங்கும்.

சந்தையில் மண்சட்டி வாங்கும் தாய் அதை வாங்கியவுடன் கூடையில் இட்டுக்கொள்வதில்லை. விரலை மடக்கித் தட்டிப் பார்க்கிறாள். ஒலி கணீரென்று வந்தால்தான் காசை அவிழ்க்கிறாள். இரண்டு காசு குறைவு என்பதற்காக ஓசை கெட்ட சட்டியை அவள் வாங்குவதில்லை. அடுத்த திங்களே அது அடுப்பில் வெடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். கற்றறிந்த அரசு அலுவலகத்தின் கொள்முதல் தாளிலோ விலை என்னும் ஒரு கட்டம் மட்டுமே பெரிதாக இருக்கின்றது. தட்டிப் பார்க்கும் விரலுக்கு அங்கே இடமில்லை.

திருவள்ளுவர் இதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். தெரிந்து செயல்வகை என்பது அதன் பெயர். ஒரு வினையில் இறங்குமுன் அதில் அழியும் பொருள் எவ்வளவு, ஆகி வரும் பொருள் எவ்வளவு, பின்னர்த் தொடர்ந்து கிடைக்கும் ஊதியம் எவ்வளவு என்னும் மூன்றையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறது அதன் முதற்குறள். மேலைநாட்டுப் பொருளியலார் அண்மைக் காலத்தில் 'வாழ்நாட் செலவு' என்று பெயர் சூட்டிப் பெரிதாகப் பேசுகின்ற கணக்கு இதுவே. ஒரு பொருளின் விலை என்பது கடையில் எண்ணிக் கொடுக்கும் பணம் மட்டுமன்று. அதை இயக்கும் செலவும், பழுது பார்க்கும் செலவும், கடைசியில் அதை அப்புறப்படுத்தும் செலவும் சேர்ந்ததே அதன் உண்மை விலை.

ஒரு விசிறியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வகைக் கூரை விசிறி ஏறத்தாழ 75 வாட்டு இழுக்கும். கடைக்காரர்கள் பி.எல்.டி.சி. என்று சொல்லும் புதுவகை விசிறி ஏறத்தாழ 30 வாட்டில் அதே காற்றைத் தரும். முன்னது 1,500 உருபா, பின்னது 3,000 உருபா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பள்ளியில் நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் விசிறி சுழல்கின்றது. பத்தாண்டில் முன்னது 1,200 அலகு மின்னாற்றலைத் தின்னும்; பின்னது 480 அலகு. அலகு ஒன்றுக்கு 6 உருபா என்று கொண்டால், விலையும் மின்செலவும் சேர்த்து முன்னதற்கு 8,700 உருபா; பின்னதற்கு 5,880 உருபா. 'மலிவான' விசிறி ஒவ்வொன்றும் 2,820 உருபா இழப்பு. இந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. விசிறி வாங்கியது ஒரு துறை. மின்கட்டணம் கட்டுவது இன்னொரு தலைப்பு. முன்னதன் அலுவலர், 'விலை குறைத்து வாங்கினேன்' என்று பாராட்டுப் பெற்று வேறூருக்கு மாறிப் போய்விடுவார்.

'சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மிகக் குறைந்த ஒப்பந்தப்புள்ளியைத்தான் ஏற்க வேண்டும்' என்று அலுவலர்கள் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. இவ்வூருக்கு மேற்கே எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே 1998 ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் நடப்பிலிருக்கின்றது. அச் சட்டம் சொல்வது என்ன? ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் முன்கூட்டியே குறிப்பிட்ட, அளந்து காணத்தக்க கூறுகளையெல்லாம் கணக்கிட்டு, அவற்றின்படி எது குறைந்ததோ அதனை ஏற்க வேண்டும் என்பதே. மின்செலவையும் ஒரு கூறாக ஆவணத்தில் எழுதிவிட்டால், அதையும் கூட்டித்தான் குறைந்தது எது என்று காண வேண்டும். எழுதாவிட்டால் விலை மட்டுமே நிற்கும். ஆகவே, குறை சட்டத்தில் இல்லை. ஆவணம் எழுதும் எழுதுகோலில் இருக்கின்றது. ஒப்பந்தப்புள்ளி திறக்கின்ற நாளன்று கூச்சலிட்டுப் பயனில்லை; அது எழுதப்படும் நாளன்றே எல்லாம் முடிந்துபோகின்றது.

வெறும் கணக்கால் நெஞ்சு நிறையாது. நடந்த நிகழ்ச்சி ஒன்று வேண்டும். அதற்குத் தொலைவு போக வேண்டியதில்லை. காரைக்காலையும் உள்ளடக்கிய புதுச்சேரி ஆட்சிப்பகுதியிலேயே அது நடந்தது.

2014 ஆம் ஆண்டின் தொடக்கம். எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழ் விளக்கு அப்போது செல்வர் வீட்டுப் பொருள். குண்டுவிளக்கு என்று மக்கள் சொல்லும் பழைய இழைவிளக்கோ பத்துப் பதினைந்து உருபாவுக்குக் கிடைத்தது. உள்வாங்கும் மின்னாற்றலில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது ஒளியாக்குவதில்லை. எஞ்சியதெல்லாம் வெப்பமாய்க் கழியும். விளக்கு என்ற பெயரில் வீட்டுக்கு வீடு ஓர் அடுப்பு தொங்கிக் கொண்டிருந்தது என்றே சொல்லலாம். ஏழை அதைத்தான் வாங்கினான். அவனிடம் இருந்த காசு அதற்குத்தான் போதும். விளக்கை மலிவாக வாங்கி, வெளிச்சத்தை விலையேற வாங்கினான்.

நடுவணரசின் பொதுத்துறை நிறுவனங்கள் கூடி 2009 இல் அமைத்த, ஈ.ஈ.எசு.எல். எனச் சுருக்கி வழங்கும் நிறுவனம், புதுச்சேரி மின்துறையோடு சேர்ந்து ஒரு வழி கண்டது. வீடுகளுக்கு வேண்டிய ஏழு இலக்கத்துக்கும் மேற்பட்ட ஒளியுமிழ் விளக்குகளை ஒன்றாகத் திரட்டி ஒரே ஒப்பந்தப்புள்ளியில் வாங்கினர். விளக்கொன்று 310 உருபா. கடையில் தனியாக வாங்குவோருக்கு அதனினும் கூடுதல். எரியும் நிலையிலுள்ள 60 வாட்டுக் குண்டுவிளக்கைக் கொண்டுவந்து கொடுத்தால், 10 உருபாவுக்கு 7 வாட்டு ஒளியுமிழ் விளக்கு. ஒரு வீட்டுக்கு மூன்று. எஞ்சிய பணத்தை யார் கொடுப்பது? மின்துறை கொடுக்கும், ஆனால் புதிதாக வரிதண்டிக் கொடுப்பதன்று. வாங்காமல் மிஞ்சிய மின்னாற்றலின் விலையிலிருந்து ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்கும். விளக்கே தன் விலையைத் தானே ஈட்டிக் கட்டிற்று.

60 வாட்டுக்கு மாற்றாக 7 வாட்டு. மிச்சம் 53 வாட்டு. விளக்குகள் ஏழு இலக்கமே என்று குறைத்துக் கொண்டாலும், அத்தனையும் ஒருசேர எரியும் மாலையில் மிஞ்சுவது 37,100 கிலோவாட்டு. புதுச்சேரி அரசு பெரும்பொருள் செலவிட்டுத் தானே கட்டிய மின்நிலையம் ஒன்று இதே காரைக்கால் மாவட்டத்தில், திருமலைராயன்பட்டினத்தில் இருக்கின்றது. எரிவளியில் ஓடும் அதன் முழு ஆற்றல் 32,500 கிலோவாட்டு. ஒரு மின்நிலையம் தரக்கூடியதைவிட மிகுதியான ஆற்றலை ஒரு கொள்முதல் தந்தது! புகையில்லை, குழாயில்லை, நிலமெடுப்பில்லை.

அதன்பின் நடந்தது இன்னும் வியப்பானது. ஒவ்வொரு முறையும் கூட்டிக் கூட்டி வாங்க, 310 உருபா விளக்கு மூன்றே ஆண்டுக்குள் 40 உருபாவுக்கும் கீழே இறங்கிற்று. உலகெங்கும் ஒளியுமிழ் சில்லின் விலை அந்நாளில் சரிந்துகொண்டிருந்ததும் ஒரு கரணியந்தான். முழுப் புகழையும் கொள்முதலுக்கே கொடுத்துவிடுவது முறையன்று. எனினும், வாங்குபவர் உறுதியாக, பேரளவில் இருக்கின்றார் என்று தெரிந்தபின்தான் ஆலைகள் துணிந்து எழுந்தன. இன்று பெட்டிக்கடையிலும் ஒளியுமிழ் விளக்கு தொங்குகின்றது. குண்டுவிளக்கைத் தடைசெய்து எந்தக் காவலரும் கடையைப் பூட்டவில்லை. அரசு வாங்கிய வாங்கலே சந்தையை மாற்றிவிட்டது. இந்தியா முழுமைக்கும் அத்திட்டம் பரவி, 36 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் வழங்கப்பெற்றன.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. தமிழ்மண்ணில் முதலில் வேர்விட்ட அத்திட்டத்திற்கு, அது வடக்கே பரவியபின் சூட்டப்பெற்ற பெயர் 'உசாலா'. ஒளி என்னும் பொருளில் இந்திச் சொல். முதலில் ஏற்றிவைத்த ஊரின் மொழியில் 'ஒளி' என்றே ஒரு சொல் இருக்க, அதை எவரும் கேட்கவில்லை. மின்பொருள்களின் மேல் ஒட்டும் விண்மீன் குறிச்சீட்டிலும் தமிழ் இல்லை. எத்தனை விண்மீன் என்பதை எண்ணிக் கொள்ளலாம். ஆண்டுக்கு எத்தனை அலகு தின்னும் என்பதைத் தமிழ் மட்டும் அறிந்த தாய் எப்படிப் படிப்பாள்? சிக்கனம் செய்ய வேண்டியவள் அவள். சிக்கனக் கணக்கோ அவளுக்கு விளங்காத மொழியில்.

அந்த ஒளியுமிழ் விளக்குக்கு முன்னால், சுருள்விளக்கைப் பரப்பிய காலமும் ஒன்று உண்டு. அதுவும் சிக்கன விளக்கே. ஆயின், அதன் வயிற்றில் இதள் எனும் பாதரசம் சிறிதளவு இருந்தது. உடைந்த விளக்கு எங்கே போகும் என்று வாங்கும்போது எண்ணினாரில்லை. அவை குப்பைமேட்டுக்கும் வாய்க்கால் கரைக்கும் போயின. வாங்கும் ஆவணத்தில், பழையதைத் திரும்ப எடுத்துச் செல்லும் கடமையையும் விற்பவன் தலையில் எழுதியிருந்தால் அது நேர்ந்திராது. ஒளியுமிழ் விளக்கும் ஒருநாள் அவியும். அப்போது அதுவும் மின்கழிவே.

இத்தனையும் எதற்காக? சில கோடி உருபா மிச்சம் பிடிப்பதற்காகவா? அதற்காகவுந்தான். ஆனால் அதனினும் பெரிய ஒன்று இருக்கின்றது. புதுச்சேரி ஆட்சிப்பகுதி தனக்கு வேண்டிய மின்னாற்றலில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகின்றது. அதில் ஒரு பங்கு நெய்வேலியிலிருந்து வருகின்றது. நெய்வேலி மின்னாற்றல் வானத்திலிருந்து வடிவதன்று. தமிழ்மண்ணைக் கிண்டி எடுத்த பழுப்பு நிலக்கரியை எரித்து வருவது. நிலக்கரியில் எடுக்கும் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள கரிவளி காற்றில் கலக்கின்றது. 2023 சூலையில் வளையமாதேவியில், வாய்க்கால் வெட்டுவதற்காகக் கதிர்வாங்கும் நிலையில் நின்ற நெற்பயிரின்மேல் மண்வாரி எந்திரங்கள் ஏறியதைப் பார்த்த உழவர் எவரும் மறந்திருக்க மாட்டார். பயிர்மேல் ஏறிய அந்தச் சக்கரத்துக்கும், அலுவலகத்தில் ஆளில்லா அறையில் சுழலும் 75 வாட்டு விசிறிக்கும் தொடர்பில்லை என்று எவர் சொல்வார்?

காவிரிப் படுகையைக் காக்கத் தமிழ்நாடு 2020 இல் ஒரு சட்டம் செய்தது. புதிய எண்ணெய், எரிவளிக் கிணறுகளுக்கு அங்கே தடை. அதே காவிரி நீரில் அதே நெல் விளையும் காரைக்காலுக்கு அச்சட்டம் செல்லாது. எல்லைக்கல்லில் வந்து நின்றுவிடுகின்றது. சட்டக் காப்பு இல்லாத நிலத்துக்கு, ஆற்றல் தேவையைக் குறைப்பதே ஒரு காப்பு.

தமிழ்நாட்டு அரசுக் கொள்முதலின் அளவு இன்னும் பெரிது. 2011 செபுதம்பரில் தொடங்கிய விலையில்லாப் பொருள் திட்டத்தில் மின்விசிறி, கலவை, அரைவை எந்திரம் மூன்றும் ஒன்றேமுக்காற் கோடிக் குடும்பங்களுக்கு வழங்கப்பெற்றன. அதைப் பழிப்பது இங்கு நோக்கமன்று. வெயிலில் வெந்த குடிசைக்குக் காற்று சென்றது நல்லதே. ஆனால் ஓர் எண்ணிக்கையை நினைவில் கொள்ளுங்கள். அவ்வளவு விசிறிகளில் ஒவ்வொன்றும் ஒரே ஒரு வாட்டுக் குறைவாக இழுத்திருந்தால், அத்தனையும் சுழலும் வேளையில் மிச்சம் 17,500 கிலோவாட்டு. திருமலைராயன்பட்டின மின்நிலையத்தில் பாதிக்கும் மேல்! ஒரு வாட்டுக்கு இத்தனை வலிமை என்றால், பத்து வாட்டுக்கு? ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் ஒரு வரியை எழுதும் அலுவலரின் கையில் ஒரு மின்நிலையம் இருக்கின்றது. அதை அவரே அறியார்.

நல்லதும் தமிழகத்தில் நடந்திருக்கின்றது. கரூரை அடுத்த புகளூரில், தமிழ்நாடு அரசு 1979 இல் தொடங்கிய தாள் ஆலை, கரும்புச் சக்கையைக் கூழாக்கித் தாள் செய்யும் வழியைப் பேரளவில் நிறுவிக் காட்டிற்று. மரக்கூழும் அதில் சேர்கின்றது. முழுக்கச் சக்கைத் தாள் என்று சொல்வது பொய்யாகும். ஆயினும், ஆலையில் எரித்துத் தள்ளிய சக்கை எழுதும் தாளாயிற்று. அரசு அலுவலகங்கள் அத்தாளை வாங்கும்போது, உழவனின் கரும்பும் காட்டின் மரமும் ஒருசேரக் காக்கப்படுகின்றன. தன் மண்ணில் விளைந்த கழிவிலிருந்து தன் தேவையைச் செய்து, அதைத் தானே வாங்கிக்கொள்ளுதல் தற்சார்பு அன்றோ?

பிற நாடுகள் இதில் முன்னே போய்விட்டன. 1993 இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிளிண்டன், அரசுத்துறைகள் வாங்கும் கணிப்பொறிகள் மின்சிக்கனக் குறி பெற்றவையாக இருத்தல் வேண்டும் என்று ஆணையிட்டார். அக் குறித்திட்டம் தொடங்கி அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. அரசு வாங்காவிட்டால் பிழைப்பில்லை என்று கண்ட ஆலைகள் குறியைத் தேடி ஓடின. சப்பான் 2000 ஆம் ஆண்டில் பசுமைக் கொள்முதலுக்கென்றே தனிச்சட்டம் இயற்றிற்று.

இந்தியாவில் ஆணையே இல்லையா? இருக்கின்றது. 2013 சனவரியில் நடுவணரசின் செலவினத் துறை, அரசுத்துறைகள் வாங்கும் குளிரூட்டி, குளிர்ப்பெட்டி, கூரை விசிறி, வெந்நீர்க் கலன் ஆகியவற்றுக்கு இத்தனை விண்மீனுக்குக் குறையக்கூடாது என வரையறுத்தது. கூரை விசிறிக்கு ஐந்து விண்மீன். 2017 ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளிலும் அக்கட்டளை இடம்பெற்றது. ஒன்றிய ஆட்சிப்பகுதியாதலின் புதுச்சேரிக்கும் அவ்விதிகளே. 2021 அக்தோபரில், விலையோடு தரத்தையும் எடைபோட்டு ஒப்பந்தப்புள்ளியைத் தேர்ந்துகொள்ளும் வழியும் அகலத் திறக்கப்பட்டது.

ஆணை பிறந்தது தில்லியில். காவிரிக் கடைமடையில் வாழும் மக்களுக்கு அதன் பொருளை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூரில் மதகைத் திறந்தார்கள் என்று செய்தித்தாளில் படித்தவுடன் அம்பகரத்தூர் வயல் நனைந்துவிடுவதில்லை. தலைமடை குடித்தது போக, இடைமடை குடித்தது போக, வாய்க்காலில் புதர் மண்டாதிருந்தால், மிஞ்சியது வரும். ஆணையும் அவ்வாறே. தலைமைச் செயலகம் வரை ஒழுங்காக வரும் விதி, கொம்யூன் அலுவலகத்தில் பத்து விளக்கும் இரண்டு மின்னோடியும் வாங்கும் நாளில் வந்து சேர்ந்ததா என்பதைப் பார்ப்பவர் யார்?

பார்க்க வேண்டியவர்கள் ஊர்மக்கள் தேர்ந்தனுப்பிய உறுப்பினர்கள். புதுச்சேரி ஆட்சிப்பகுதியில் 38 ஆண்டு இடைவெளிக்குப்பின் 2006 இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவ்வுறுப்பினர்களின் பதவிக்காலம் 2011 இல் முடிந்தது. அதன்பின் பத்தாண்டுக்கும் மேலாகத் தேர்தலே இல்லாமல் அலுவலர்களே உள்ளாட்சியை நடத்தினர். தட்டிப் பார்த்து வாங்கும் தாயைச் சந்தைக்கு வெளியே நிறுத்திவிட்டு, சட்டி வாங்கும் வேலை நடந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2022 செபுதம்பரில் புதுச்சேரி மின்துறையைத் தனியாருக்கு விற்பதற்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்பெற்றது. மின்துறை ஊழியர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அப்போது எல்லாரும் கட்டண உயர்வைப் பற்றியே பேசினர். அது சரியே. ஆனால் 2014 இன் விளக்குத் திட்டத்தை நினைத்துப் பார்த்தவர் சிலரே. மின்னாற்றலை விற்றுப் பிழைக்கும் தனி முதலாளி, 'குறைவாக எரியுங்கள். மிச்சத்தில் பங்கு கட்டுகிறேன்' என்று விளக்கு வாங்கிக் கொடுப்பானா? அலகு கூடக் கூட அவனுக்கு ஊதியம். மக்களுடைய மின்துறையாக இருந்ததால்தான், விற்பனை குறைந்தும் மக்களுக்கு மிச்சம் என்ற கணக்கு அங்கே எடுபட்டது.

இந் நிலையில் அம்பகரத்தூர் மக்கள் கையில் இருப்பது என்ன? 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கின்றது. அதன் ஆறாம் பிரிவின்படி, அந்தந்தப் பகுதியின் ஆட்சிமொழியிலேயே கேட்கலாம். புதுச்சேரியில் தமிழ் ஆட்சிமொழி. ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டு வாருங்கள் என்று சொல்ல எந்த அலுவலருக்கும் உரிமையில்லை. கடைசியாக வாங்கிய தெருவிளக்கு எத்தனை வாட்டு, பள்ளி விசிறிக்கு எத்தனை விண்மீன், ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் மின்செலவைப் பற்றி ஒரு வரியாவது இருந்ததா, அவிந்த விளக்குகளை யார் எடுத்துச் சென்றார் என்று நல்ல தமிழில் எழுதிக் கேளுங்கள். ஆவணத்தின் படியையும் கேளுங்கள். விடை தருவதற்கு அலுவலகத்துக்குச் சட்டம் கொடுத்துள்ள காலம் முப்பது நாள்.